சவுத்டேல்: ஒரு புறநகர் மாலின் நிலக்கணக்கு

அமெரிக்காவில் மால்கள் மூடப்படுவதாகச் செய்தி வரும்போதெல்லாம் காரணமும் கூடவே வந்துவிடுகிறது: மக்கள் எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இது பாதி உண்மை. ஒரே பெருநகரத்தின் புறநகர்களில், ஒரே நிறுவனம் கட்டிய இரண்டு மால்களில் ஒன்று தரைமட்டமாகி மற்றொன்று நிற்கிறதே, அது ஏன் என்று கேட்டால் இந்தக் காரணம் வாயடைத்துப்போகும். இணையம் இரண்டு ஊருக்கும் பொதுதானே.

மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஈடைனா என்ற புறநகரில் 1956 அக்டோபர் 8 அன்று சவுத்டேல் சென்டர் திறக்கப்பட்டது. பின்னால் உலகம் முழுக்கப் பரவிய மூடிய மாலுக்கு அச்சு இதுதான். இதன் கதையைக் கடைகளின் கதையாகப் படித்தால் பல இடங்களில் தட்டும். நிலம், வரி, வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றின் கதையாகப் படித்தால் முடிச்சுகள் அவிழ்கின்றன.

எதை மால் என்கிறோம்?

ஒரே இடத்தில் பல கடைகள், முன்னால் கார் நிறுத்த வசதி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1920களிலேயே இருந்தது. கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவீதியும் புதிதல்ல; இத்தாலியின் மிலான் நகரிலுள்ள கலேரியா 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சவுத்டேல் செய்தது வேறு:

1. கடைகளை எல்லாம் உள்நோக்கித் திருப்பியது. வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் மொட்டைச் சுவர்தான், கடைமுகப்புகள் உள்ளே.

2. முழு வளாகத்தையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே இயந்திர ஏற்பாட்டை வைத்தது.

3. போட்டியாளர்களான இரண்டு டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை ஒரே வளாகத்தில் வைத்து, இடையில் ஒரு பொது முற்றத்தையும் சிறு கடைகளையும் அமைத்தது.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரில் 1955லேயே வேலி ஃபேர் என்ற மூடிய வளாகம் திறக்கப்பட்டது என்று சிலர் வாதிடுவார்கள். தேதியை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் பின்னால் வந்தவர்கள் பார்த்துப் படியெடுத்தது சவுத்டேலைத்தான்.

டேட்டன் குடும்பத்தின் கவலை

டேட்டன்ஸ் என்பது மினியாபொலிஸ் நகர மையத்தில், நிக்கொலெட் அவென்யூவில் 1902 முதல் இயங்கிவந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர்; சவுத்டேலைக் கட்டிய டேட்டன் குடும்பத்துடையது. துணி, பாத்திரம், நாற்காலி, நகை என எல்லாம் ஒரே கட்டடத்தில், மாடி மாடியாகக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வெளியே குடிபெயர்ந்தார்கள். மத்திய அரசின் உத்தரவாதத்தால் வீட்டுக் கடன் எளிதாகக் கிடைத்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. கார் வீட்டுக்கு ஒன்றாகியது. சவுத்டேல் திறப்பதற்கு மூன்றே மாதங்களுக்கு முன், 1956 ஜூனில், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டமும் கையெழுத்தானது.

குடிபெயர்ந்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈடைனாவின் புகழ்பெற்ற கன்ட்ரி கிளப் குடியிருப்பு 1920களில் மனை போடப்பட்டபோது, வெள்ளையரல்லாதவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. மால் எந்த ஊரில் எழுந்தது, யாருடைய பணப்பையை நம்பி எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

இனி நிலத்துக்கு வருவோம். பெரிய கடை ஒன்று வயல்வெளியில் திறந்தால், அடுத்த நாளே சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். ஏற்றிவிட்டவர் கடைக்காரர், லாபம் பார்ப்பவர் பக்கத்து நிலத்துக்காரர். டேட்டன் குடும்பம் இதில் ஏமாறத் தயாராக இல்லை. மாலுக்கும் கார் நிறுத்தத்துக்கும் தேவையானதைப் போலப் பல மடங்கு, அதாவது 463 ஏக்கர் நிலத்தைக் கையில் எடுத்தது. நடுவில் மால் எழும். அதனால் மதிப்பு கூடும் மனைகளும் தங்களிடமே இருக்கும். கடை லாபத்தோடு கடையின் நிழல் விழும் நிலத்தின் லாபத்தையும் சேர்த்தே போட்ட கணக்கு இது.

வியன்னாக்காரரின் முற்றம்

கட்டடத்தை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். 1903இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; அப்போது பெயர் விக்டர் க்ரூன்பாம். 1938இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியபோது தப்பி நியூயார்க் வந்து, கடைமுகப்புகளை வடிவமைத்துப் பெயர் வாங்கினார். போகிறவரை நிற்கவைத்து, நின்றவரை உள்ளே நுழையவைக்கும் கலை அவருக்குக் கைவந்தது. எதையோ வாங்க வந்தவர் சூழலில் மயங்கி, வந்த காரியத்தை மறந்து எதையெதையோ வாங்கத் தொடங்கும் தருணத்துக்கே பிற்காலத்தில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அவர் தன் வேலையை அப்படிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

1954இல் டெட்ராய்ட் அருகே அவர் வடிவமைத்த நார்த்லேண்ட், ஹட்சன்ஸ் என்ற ஒற்றைப் பெருங்கடையைச் சுற்றி அமைந்த திறந்தவெளி வளாகம். மின்னசோட்டாவில் அது எடுபடாது. அங்கே குளிர்காலத்தில் மூக்கு நுனி உணர்விழக்கும், கோடையில் புழுக்கம். வெளியில் நடந்து கடைகண்ணிக்குப் போக ஏற்ற நாட்கள் ஆண்டுக்கு 126தான் என்று க்ரூயன் கணக்குக் காட்டினார். அதனால்தான் கூரை.

கூரை போட்டதும் பல வேலைகள் தாமாகவே நடந்தன. முதலாவது, கடைகளுக்குக் கதவு தேவையில்லாமல் போனது. பனியும் மழையும் இல்லாத வீதியில் கடையின் முன்பக்கத்தை அப்படியே திறந்துவிடலாம். கதவைத் தள்ளி உள்ளே போவது ஒரு முடிவு; திறந்த கடைக்குள் கால் தானாக நுழைந்துவிடும். வியாபாரிக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

இரண்டாவது, மாடி. ஒரே தளத்தில் 72 கடைகளை வரிசையாக வைத்தால் கடைசிக் கடைக்கு நடந்தே கால் ஓய்ந்துவிடும். எனவே இரண்டு தளம், இடையில் எஸ்கலேட்டர். மாடிக்கடை என்றால் வாடிக்கையாளர் ஏறமாட்டார் என்ற பழைய பயத்துக்கும் வழி கண்டார்கள்: கார் நிறுத்தத்தின் தரைமட்டத்தை மேலும் கீழுமாக அமைத்து, சிலர் கீழ்த்தளத்துக்குள்ளும் சிலர் மேல்தளத்துக்குள்ளும் நேராக நுழையும்படி செய்தார்கள். எந்தக் கடையும் மாடிக்கடை ஆகவில்லை.

மூன்றாவது, முற்றம். மேலே கூரைச் சாளரங்களிலிருந்து வெளிச்சம் இறங்க, கீழே செடிகள், குளம், நாற்காலிகள், 21 அடி உயரப் பறவைக் கூண்டு, சிற்பி ஹாரி பெர்டோயா செய்த பொன்னிற உலோக மரங்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கலாம். நிரந்தர வசந்தம் என்று விளம்பரம் செய்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் சுமார் 75,000. கார் நிறுத்த இடங்கள் 5,200. கட்டுமானச் செலவு 2 கோடி டாலர்.

அதே ஆண்டு வந்து பார்த்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கிராமத்துத் தெருவின் கெடுதல்கள் எல்லாம் இந்த முற்றத்தில் இருக்கின்றன, அதன் அழகு மட்டும் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே சொன்னார். ரைட் யாரைத்தான் பாராட்டினார் என்று கேட்கலாம். ஆனாலும் அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. க்ரூயனின் முழுத் திட்டத்தில் மால் ஒரு துண்டு மட்டுமே. சுற்றிலும் வீடுகள், அடுக்குமாடிகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என ஒரு ஊரே வரைபடத்தில் இருந்தது. அந்த ஊருக்குத்தான் இந்த முற்றம். மால் எழுந்தது, விலை ஏறிய மனைகள் தனித்தனியாகப் பிரிந்து, அவரவர் போக்கில் கட்டடங்கள் முளைத்தன. எதிரே 1965இல் மருத்துவமனை வந்தது உண்மைதான். ஆனால் முற்றத்துக்கும் அதற்கும் நடுவே கார்களின் கடல்.

பெரியவருக்குச் சலுகை, சிறியவருக்கு வாடகை

மாலின் பொருளாதாரம் புரிய நான்கு ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சவுத்டேல் அச்சிலிருந்து பெருகிய மால் தொழிலில் இவை வழக்கமாகிவிட்டன.

1. நங்கூரக் கடை. வளாகத்தின் இரு முனைகளிலும் நிற்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் தொழிலில் ஆங்கர் என்பார்கள். ஊர் மக்கள் கிளம்பி வருவது அதற்காக. அதனால் அதற்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. பல மால்களில் கட்டடமும் அதன் அடிநிலமும் அந்தக் கடைக்கே சொந்தம். சவுத்டேலில் டேட்டன்ஸ் ஒரு நங்கூரம், உள்ளூர்ப் போட்டியாளரான டொனால்ட்சன்ஸ் மற்றொன்று. எதிரியையே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தது அன்று பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். ஆனால் இரண்டு பெரிய கடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க நடப்பவர், வழியில் எல்லாச் சிறு கடைகளையும் கடந்துதானே ஆகவேண்டும்.

2. சிறு கடை வாடகை. செருப்புக் கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் சதுர அடிக்கு நங்கூரத்தைவிடப் பல மடங்கு தருகிறார்கள். நங்கூரம் இழுத்துவரும் கூட்டத்துக்கு அவர்கள் கட்டும் கட்டணம் அது. விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் ஒரு சதவீதம் மால் உரிமையாளருக்குப் போகும்.

3. பொதுச் செலவுப் பங்கு. முற்றத்து விளக்கு, காவல், பனி அகற்றுதல் எல்லாவற்றையும் கடைகள் பிரித்துக் கட்டுகின்றன.

4. உடனிருப்பு நிபந்தனை. நங்கூரம் மூடினாலோ, இத்தனை சதவீதத்துக்கு மேல் கடைகள் காலியானாலோ, தன் வாடகையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவோ சிறு கடைக்கு உரிமை தரும் பிரிவு. நல்ல நாளில் யாரும் இதைப் படிப்பதில்லை.

வரி அலுவலகம் கட்டிய மால்கள்

சவுத்டேல் 1952இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் 1954 வரிச் சட்டத்தால் அது பிறந்தது என்று சொல்ல முடியாது. அதன் பிரதிகள் நாடெங்கும் அத்தனை வேகத்தில் எழுந்ததற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியமான காரணம்.

கட்டடம் ஆண்டுக்காண்டு பழசாகிறது. அந்தத் தேய்மானத்தைச் செலவாகக் கணக்கில் காட்டி, அந்த அளவு வருமானத்துக்கு வரி கட்டாமல் இருக்கலாம். 1954 சட்டம் புதிய கட்டடங்களுக்கு இந்தத் தேய்மானத்தை விரைவாகக் காட்ட அனுமதித்தது. ஒரு கற்பனைக் கணக்கு: 40 ஆண்டு ஆயுள் கொண்ட, 1 கோடி டாலர் மதிப்புள்ள கட்டடம்.

1. பழைய முறையில் ஆண்டுக்கு 2.5 சதவீதம், அதாவது 2,50,000 டாலர். பத்து ஆண்டுகளில் 25 லட்சம்.

2. புதிய முறையில் முதல் ஆண்டு 5 சதவீதம், அதாவது 5,00,000 டாலர். அடுத்த ஆண்டு மீதியில் 5 சதவீதம், 4,75,000. இப்படியே போனால் பத்து ஆண்டுகளில் சுமார் 40 லட்சம்.

3. வாடகை வருமானம் ஆண்டுக்கு 6,00,000 டாலர் என்றால், பழைய முறையில் 3,50,000க்கு வரி. புதிய முறையில் முதல் ஆண்டு 1,00,000க்கு மட்டும்.

மால் உரிமையாளர் கையில் பணம் கொட்டும். காகிதத்தில் லாபமே இருக்காது. தேய்மானம் குறைந்ததும் அதை விற்றுவிட்டு, அடுத்த வயல்வெளியில் புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். முழுச் சலுகை புதுக்கட்டுமானத்துக்குத்தான் என்பதால், நகர மையத்தின் பழைய கட்டடத்தை வாங்கிச் செப்பனிடுவதைவிடப் புறநகரில் புதிதாக எழுப்புவதே லாபம். 1969இல் இது குறைக்கப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1986 வரிச் சட்டம். அதற்குள் வாடிக்கையாளர்கள் தாங்கக்கூடியதைவிட அதிகமான மால்கள் எழுந்துவிட்டன. பின்னாளில் சரிந்தவற்றில் பல, தேவைக்காக அல்லாமல் இந்தக் கணக்குக்காக எழுந்தவை என்பது என் கருத்து.

நகர மையம் போட்ட வேடம்

புறநகர் மாலுக்குப் பதிலடி கொடுக்க மினியாபொலிஸ் நகர மையம் தானே மாலாக மாறிப் பார்த்தது. 1962இல் இரண்டு கட்டடங்களைத் தெருவுக்கு மேலே கண்ணாடி நடைபாலத்தால் இணைத்தார்கள். ஸ்கைவே எனப்படும் இந்தப் பாலங்கள் பெருகி, இன்று குளிர்காலத்தில் தெருவில் கால்படாமலேயே நகர மையத்தைச் சுற்றிவரலாம். 1967இல் நிக்கொலெட் அவென்யூவைக் கார்களிடமிருந்து மீட்டு, பஸ்ஸுக்கும் பாதசாரிகளுக்கும் ஒதுக்கி, நிக்கொலெட் மால் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாலத்தில் கூட்டம் ஏறியதும் கீழே தெரு வெறிச்சோடியது. 1902இல் தொடங்கிய பழைய டேட்டன்ஸ் கடை, வேறு பெயர்ப்பலகையோடு 2017இல் மூடப்பட்டது.

வீதி போலத் தோன்றினாலும் மால் தனியார் இடம் என்பதும் மெல்லத்தான் உறைத்தது. 1996இல் மின்னசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்காவில் விலங்குத்தோல் உடைகளுக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் கைதானார்கள். மாநில அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை அங்கே செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது.

நங்கூரம் அறுந்தால்

1962இல், டேட்டன் நிறுவனம் மினியாபொலிஸ் பெருநகரத்தின் வடக்கில் ப்ரூக்டேல் என்ற இரண்டாவது மாலைத் திறந்தது. அதே ஆண்டு ரோஸ்வில் என்ற புறநகரில் தள்ளுபடிக் கடை ஒன்றையும் திறந்தது. பெயர் டார்கெட். தனிக் கட்டடம், வாசலிலேயே கார், நேராக உள்ளே போய் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். முற்றமும் கிடையாது, பறவைக் கூண்டும் கிடையாது. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் வியாபாரத்தை நடுவிலிருந்து அரித்தவை இத்தகைய கடைகள். இணையம் வந்தபோது அரிப்பு பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மாலைக் கட்டிய கையே அதைத் தின்னப்போகும் கடையையும் வளர்த்தது. 1978இல் நிறுவனம் தன் மால் கட்டடங்களைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. 2000இல் நிறுவனத்தின் பெயரே டார்கெட் ஆனது. 2004இல் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களையும் விற்றுக் கைகழுவியது. காலத்தே இறங்கிக்கொண்டவர்கள் என்று சொல்ல வேண்டும்.

மால் சரியும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1. நங்கூரக் கடை மூடுகிறது. காரணம் அந்த மாலாகவே இருக்க வேண்டியதில்லை. நாடு தழுவிய தாய் நிறுவனம் கடனில் மூழ்கியிருக்கலாம். சியர்ஸ் 2018இலும் ஜேசிபென்னி 2020இலும் திவால் மனு கொடுத்தன.

2. உடனிருப்பு நிபந்தனை விழித்துக்கொள்கிறது. வியாபாரம் இன்னும் ஓரளவு நடக்கும் சிறு கடைகள்கூட வாடகைக் குறைப்புக் கேட்கின்றன.

3. வருமானம் குறைந்தும் கடன் தவணை குறையவில்லை. பராமரிப்பு தள்ளிப்போகிறது, கூரை ஒழுகுகிறது, எஸ்கலேட்டர் நிற்கிறது.

4. இடித்து வேறு ஏதாவது கட்டலாம் என்றால், முட்டுக்கட்டை. நங்கூரக் கடைகளும் மால் உரிமையாளரும் தொடக்கத்தில் போட்ட பரஸ்பர ஒப்பந்தத்தில், இத்தனை கார் நிறுத்த இடங்கள் இருக்க வேண்டும், எங்கள் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். மூடிய கடையின் உரிமையாளர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு மறுப்புச் சொல்லலாம். பாழடைந்த மால்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கு இந்தக் காகிதம் ஒரு பெரிய காரணம்.

ப்ரூக்டேல் நங்கூரங்களை ஒவ்வொன்றாக இழந்து 2010இல் மூடப்பட்டது. பெரும்பகுதி இடிக்கப்பட்டு, 2012இல் அந்த மண்ணில் வால்மார்ட் திறந்தது. சவுத்டேலுக்கும் அடி விழாமல் இல்லை. 1992இல் சில மைல் தொலைவில், ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தது. டொனால்ட்சன்ஸ் என்ற பெயர் மறைந்தது; 1972 முதல் மூன்றாவது நங்கூரமாக இருந்த ஜேசிபென்னியும் வெளியேறியது. ஆனால் ஈடைனாவின் பணம் ஈடைனாவிலேயே இருந்தது. சுற்றியுள்ள மனைகளின் மதிப்பு குறையாததால், காலியான இடத்தில் பணம் போட ஆள் கிடைத்தார்கள். ப்ரூக்டேல் அமைந்த ப்ரூக்லின் சென்டரில் வருமானம் குறைவு. அங்கே அப்படி யாரும் வரவில்லை.

கார் நிறுத்தத்தில் முளைத்த வீடுகள்

க்ரூயன் 1968இல் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். அங்கேயும் 1976இல் நகரின் தெற்கு விளிம்பில் பிரம்மாண்டமான மால் ஒன்று திறந்து, அவர் ஊரின் சிறு கடைகளை உலுக்கியது. தன் கருத்தைத் திருடிச் சீரழித்துவிட்டார்கள் என்பது அவர் புலம்பல். 1978இல் லண்டனில் பேசும்போது, முறைகேடாகப் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்க மறுக்கிறேன் என்றார். 1980இல் இறந்தார்.

சவுத்டேலில் ஜேசிபென்னி நின்ற இடத்தில் இப்போது உடற்பயிற்சி மையம் இருக்கிறது, 2019இல் திறந்தது. அதற்கும் முன்பே, 2010களின் நடுவில், கார் நிறுத்தத்தின் ஒரு மூலையைப் பெயர்த்து அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பினார்கள். பிறகு ஹோட்டல் ஒன்றும் வந்தது. க்ரூயன் 1952 வரைபடத்தில் மாலைச் சுற்றிப் போட்டிருந்த வீடுகள் ஏறத்தாழ 60 ஆண்டு தாமதமாக, தார் போட்ட தரையைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. அந்தக் குடியிருப்பில் இருப்பவர், காரை எடுக்காமலேயே நடந்து மாலுக்குள் போகலாம்.